பெட்டியின் மூலையில் ஒரு 1/72

நான் காசு சேர்த்து வாங்கிய முதல் பெரிய பிளாஸ்டிக் மாடல் கிட் ஒரு கட்டலைனா. கடலில் இறங்கி, கடலில் இருந்தே எழும்பிப் பறக்கும் இரட்டை எஞ்சின் விமானம். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையில் இருந்து கிளம்பிய ஒரு கட்டலைனாதான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அந்தக் கதையால் வந்த ஆசை. வாங்கும்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் 1/72, மற்றதில் 1/48. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடி அலுமாரி, அதிலும் பாதி அம்மாவின் பீங்கான் கோப்பைகள். சின்னது போதும் என்று நினைத்து, 72ஐ விட 48 சின்ன எண்தானே என்று 48ஐ எடுத்தேன். ஒட்டி முடித்துப் பார்த்தால் இறக்கை நுனிக்கு நுனி 66 செ.மீ. அலுமாரிக் கதவு மூடவில்லை. இன்றைக்கும் அது பிரிட்ஜுக்கு மேலேதான் குந்திக்கொண்டிருக்கிறது.

பிளாஸ்டிக் மாடல் கட்ட வருகிறவர்கள் எந்தப் பசை, எந்தப் பெயின்ட், கட்டர் எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதெல்லாம் கை பழகப் பழக வந்துவிடும். பெட்டியின் மூலையில் சின்னதாக அச்சடித்திருக்கும் அந்த எண்ணை மட்டும் வாங்குவதற்கு முன்பே விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேல் என்கிறோம், தமிழில் அளவுவிகிதம்.

அது ஒரு பின்னம், அவ்வளவுதான். ஒரு றாத்தல் பாணை 48 துண்டாக வெட்டினால் வரும் துண்டு பெரிதா, 72 துண்டாக வெட்டினால் வரும் துண்டு பெரிதா? இந்தக் கேள்வியை யாராவது அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால் பிரிட்ஜ் தப்பியிருக்கும். கீழே உள்ள எண் கூடக் கூட மாடல் சிறுக்கும். நிஜப் பொருளின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் மாடலின் நீளம் வரும். கட்டலைனாவின் இறக்கை 31.7 மீற்றர். 48ஆல் வகுத்தால் 66 செ.மீ., 72ஆல் வகுத்தால் 44 செ.மீ. வாங்குவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டு, அடிமட்டத்தை எடுத்து அலுமாரித் தட்டில் வைத்துப் பாருங்கள்.

கணக்கு மனதில் படியாவிட்டால் தெரிந்த சாமான்களில் பழகலாம். வாசலில் நிற்கும் ஓட்டோ ஏறக்குறைய 2.6 மீற்றர் நீளம். 1/24 இல் அது 11 செ.மீ., உள்ளங்கையில் நிற்கும். 1/72 இல் 3.6 செ.மீ., ஒரு விரலின் பாதி. 1/700 இல் 4 மி.மீ. கூட வராது. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். அதை 1/72 இல் கட்ட நினைத்தால் ஐந்தரை மீற்றர், ஹோலுக்குள் அடங்குமா தெரியாது. 1/700 இல் 57 செ.மீ., மேசையில் வைத்துவிடலாம். ஆட்களையும் இப்படிப் பார்க்கலாம். 1.75 மீற்றர் உயரமான ஒருவர் 1/35 இல் 5 செ.மீ., 1/72 இல் இரண்டரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கப்பல்களுக்கு உரிய 1/350 இல் அவர் ஒரு அரிசி, 1/700 இல் ஒரு எள்ளு. கப்பல் தளத்தில் எள்ளுகளை நிற்க வைத்துத் தூரிகையால் சீருடை பூசுகிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். அவர்களின் பொறுமை எனக்கு இல்லை.

ஏன் 72? ஏன் 70 இல்லை, 100 இல்லை? அடி, அங்குலம் பழகிய தச்சு ஆசாரியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். ஆறடி என்பது 72 அங்குலம். ஆறடி ஆளை ஒரு அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் 1/72. ஒரு அடியைக் கால் அங்குலமாக்கினால் 1/48. இரண்டும் அடிக்கோலில் பிறந்தவை. 1936 இல் பிரிட்டனில் ஃப்ரொக் நிறுவனம் பெங்குவின் என்ற பெயரில் விற்ற பிளாஸ்டிக் விமானக் கிட்களே 1/72தான். பறக்காத விமானம் என்பதால் பறக்காத பறவையின் பெயர்.

இராணுவ வாகனங்களின் 1/35க்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. 1961 இல் யப்பானின் தமியா நிறுவனம் ஒரு பாந்தர் டாங்கியைச் செய்தது. மோட்டார் வைத்து ஓடும் டாங்கி. உள்ளே மோட்டாரும் பற்றரியும் கொள்ள எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலத்தில் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1/35. அதுவே ஊன்றி, இன்று உலகம் முழுவதும் டாங்கி கட்டுகிறவர்கள் அந்தப் பற்றரியின் அளவில்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கப்பல்களின் 1/700ஐ நிலைநாட்டியது 1971 இல் சிசுவோக்காப் பகுதி நிறுவனங்கள் சில கூடித் தொடங்கிய வாட்டர்லைன் வரிசை. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியை மட்டும் செய்து, அடியைத் தட்டையாக விட்டார்கள். மேசையில் வைத்தால் மேசையே கடல்.

இதற்கு முந்தைய காலத்தில் இன்னொரு கூத்தும் இருந்தது. கடைக்காரரின் தட்டில் எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக அடுக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி மாடலைச் சுருக்கினார்கள். றெவெல் 1953 இல் வெளியிட்ட மிசூரி போர்க்கப்பல் 1/535. அந்த எண்ணுக்குத் துணை கிடைப்பது அரிது, மற்றக் கப்பல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது. பழைய கிட் சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு இது ஒரு தனிச் சுவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தள்ளி நிற்பது நல்லது.

ஏனென்றால் சேகரிப்பில் பாதி இன்பம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை எங்கள் பக்கத்தில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கையால் 1942 ஏப்ரல் 8 இரவு திருகோணமலையை விட்டு வெளியேறி, மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்களிடம் அகப்பட்டு மூழ்கியது. 182 மீற்றர் நீளம். ஆவோஷிமா நிறுவனம் இதை 1/700 இல் வெளியிட்டிருக்கிறது, 26 செ.மீ. வருகிறது. அதற்குப் பக்கத்தில், அன்றைக்குத் தாக்க வந்த கப்பல்களில் ஒன்றான அக்காகியை அதே 1/700 இல் வைத்தால் 37 செ.மீ. புத்தகத்தில் இரண்டு நீளங்களையும் வாசிக்கும்போது வராத ஒரு திகைப்பு, இரண்டையும் ஒரே தட்டில் பார்க்கும்போது வரும். அதே தாக்குதலில் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் எரிந்த சகாயிங் கப்பல், 2018 இல் கடற்படை நீருக்கு அடியில் இருந்து எடுத்ததே, அது இந்த அளவில் 20 செ.மீ. ஹேர்மீஸ் இப்போது கிடப்பது ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்தில். 700ஆல் வகுத்தால் 7 செ.மீ. 26 செ.மீ. கப்பல் ஒரு சாண் கூட இல்லாத தண்ணீருக்குள் சரிந்து கிடக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று நான் வேறு வேலை ஒன்றும் செய்யவில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘1/72 ஐ விட 1/48 கொஞ்சம்தானே பெரிசு’ என்று தோன்றும். நீளத்தில் ஒன்றரை மடங்குதான். ஆனால் தட்டில் பிடிக்கும் இடத்துக்கு நீளமும் அகலமும் சேர்ந்து வரும்: இரண்டேகால் மடங்கு. உயரத்தையும் சேர்த்தால், பெட்டி நிரப்பும் பருமன் மூன்று மடங்குக்கும் மேல். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வரும் சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவர வேண்டிய சாமான் என்றால் இந்த வித்தியாசம் அவரின் முகத்தில் தெரியும்.

சரி, இதுவரை சொன்னது அளவைப் பற்றி. இனிச் சொல்லப்போவது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்த விடயம். அந்த எண் அளவை மட்டும் சொல்லவில்லை, தூரத்தையும் சொல்கிறது.

ஒரு 1/700 கப்பலைக் கையில் எடுத்து 30 செ.மீ. தள்ளிப் பார்க்கிறீர்கள். 30 செ.மீ.ஐ 700ஆல் பெருக்கினால் 210 மீற்றர். அதாவது உட்துறைமுகக் கரையில் நின்று, 210 மீற்றர் தள்ளி நங்கூரமிட்ட கப்பலைப் பார்க்கும்போது அது உங்கள் கண்ணில் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, இந்த மாடலும் அவ்வளவாகவே தெரிகிறது. 1/72 விமானத்தை அதே 30 செ.மீ.இல் பிடித்தால் நிஜ விமானத்துக்கு ஏறக்குறைய 22 மீற்றர் தள்ளி நிற்கிறீர்கள். 1/35 டாங்கி என்றால் பத்தரை மீற்றர், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி. மாடல் கட்டுகிறவர் உண்மையில் செய்வது நிஜப் பொருளைச் சிறிதாக்குவது அல்ல, பார்க்கிறவரை அத்தனை மீற்றர் பின்னுக்கு நகர்த்துவது.

இது என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. 1942 இல் அமெரிக்கக் கடற்படை, பாடசாலை மாணவர்களிடம் 5 இலட்சம் மர விமானங்கள் செய்து தரக் கேட்டது. எல்லாம் 1/72. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று வீரர்களைப் பழக்குவதற்கு. 1/72 மாடலை 35 அடி தள்ளிப் பிடித்தால் 35 ஐ 72 ஆல் பெருக்கி 2,520 அடி, அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. வகுப்பறைக்குள்ளேயே அரை மைல் வானம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை ஏப்ரல் 9 காலையை வைத்து யோசிக்கலாம். சீனக்குடாவில் இருந்து எழும்பியவை பிரித்தானிய ஹரிக்கேன் போர்விமானங்கள், யப்பானியக் கப்பல்களில் இருந்து வந்தவற்றில் சீரோ போர்விமானங்கள். ஹரிக்கேனின் இறக்கை 12.19 மீற்றர், சீரோவுடையது 12 மீற்றர். இரண்டையும் 1/72 இல் கட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வித்தியாசம் 3 மி.மீ. கூட இல்லை. நீளத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. சீரோவின் மூக்கு உருண்டை, ஹரிக்கேனின் மூக்கு கூர், முதுகில் ஒரு கூனல். உருவத்தைத்தான் கண் பிடிக்க வேண்டும்.

தூரம் என்று எடுத்துக்கொண்டால் பெயின்ட் விடயம் தானாக விளங்கும். நிஜக் கப்பலில் பூசிய அதே நிறத்தை, சொட்டும் மாறாமல் கலந்து 1/700 மாடலில் பூசினால் அது கருமையாக, விளையாட்டுச் சாமான் போல இருக்கும். தூரத்தில் உள்ளது எதுவும் சற்று வெளிறித்தான் தெரியும், இடையில் உள்ள காற்று அப்படி. கோணேசர் கோயில் மலையில் நின்று மூதூர்ப் பக்கத்து மரங்களைப் பார்த்தால் பச்சையாகவா தெரிகிறது? சாம்பல் கலந்த நீலம். அதனால் சிறிய அளவுகளில் நிறத்தோடு கொஞ்சம் வெள்ளையோ மங்கலான சாம்பலோ கலப்பார்கள். கறுப்பு என்றால் கறுப்பைப் பூசவே மாட்டார்கள், அடர்ந்த சாம்பல்தான். எவ்வளவு கலப்பது என்பதில் ஆளுக்கொரு சூத்திரம் உண்டு, சண்டையும் உண்டு. என் கணக்கு: 1/35 க்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 1/72 க்குப் பத்தில் ஒரு பங்கு, 1/700 க்குக் கண் ஒத்துக்கொள்ளும் வரை. பளபளப்பும் இதே மாதிரி. தூரம் பளபளப்பைத் தின்றுவிடும், ஆகவே கடைசியில் மட் வார்னிஷ் ஒரு பூச்சு.

அப்புறம் தடிப்பு. பிளாஸ்டிக் சுருங்கும், பெயின்ட் சுருங்காது. தூரிகையால் பூசிய தடித்த பூச்சு 0.1 மி.மீ. இருந்தால், 1/72 விமானத்தில் அது 7 மி.மீ. தடிப்புள்ள பெயின்ட். எந்த விமானப்படை அப்படிப் பூசும்? தண்ணியாகக் கரைத்து இரண்டு மூன்று தரம் பூசச் சொல்வது இதனால்தான். நல்ல கண்ணுக்கு 30 செ.மீ. தூரத்தில் பிடிபடும் சின்ன அளவும் ஏறக்குறைய அதே 0.1 மி.மீ.தான். ஆகவே 1/72 இல் 7 மி.மீ.க்கும் சிறிய எந்த நிஜப் பொருளையும், 1/700 இல் 7 செ.மீ.க்கும் சிறிய எதையும் நீங்கள் செய்யவே தேவையில்லை, கோடாகத் தெரியும் நீண்ட கம்பிகளைத் தவிர. சில பழைய கிட்களில் இறக்கை முழுவதும் தானியம் தூவின மாதிரி ஆணித் தலைகள் இருக்கும். 72ஆல் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய போத்தல் மூடி அளவு. நான் கூசாமல் தேய்த்துவிடுவேன்.

தலைமயிரை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 0.07 மி.மீ. 1/72 இல் அது 5 மி.மீ. கம்பி, விமானத்தின் ஏரியல் வயருக்குக் கனகச்சிதம். 1/700 இல் அதே மயிர் 5 செ.மீ. தடிப்பான வடம் ஆகிவிடும். மயிரை ஒட்டுவதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, செலவும் இல்லை. கிட்டில் உதிரிகளைத் தாங்கியிருக்கும் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். உதிரிகளை வெட்டி எடுத்த பிறகு அது குப்பை. அதில் ஒரு சாண் துண்டை வெட்டி, இரண்டு நுனியையும் இரண்டு கையால் பிடித்து, நடுப் பகுதியை மெழுகுதிரிச் சுடருக்கு ஒரு விரல் மேலே வைத்து உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுடருக்குள் விட்டால் பற்றி, கரும்புகையும் நூலாம்படை மாதிரிக் கரியும் பறக்கும். யன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி நிற்கட்டும். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மினுங்கும், பிறகு நடு தொய்யும். அந்தக் கணத்தில் சுடரை விட்டு விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையையும் விரிக்க வேண்டும். மெதுவாக விரித்தால் தடித்த கம்பி, சட்டென்று விரித்தால் சிலந்தி நூல். இறுகும் வரை அப்படியே இழுத்துப் பிடியுங்கள். முதல் ஐந்தாறு தரம் அறுந்துவிடும், பரவாயில்லை, ஒரு கிட்டில் ஸ்ப்ரூவுக்குப் பஞ்சமே கிடையாது. சீரோவின் ஏரியல் கம்பத்தில் இருந்து வால் வரை அந்த நூலை ஒரு துளி பசையில் ஒட்டி, தொய்ந்து கிடந்தால் எரிந்து அணைந்த ஊதுபத்தியின் சூட்டை அருகே கொண்டுபோங்கள். தானாக இறுகிக்கொள்ளும். இந்த ஒரு கணத்துக்காகவே நான் விமானங்கள் கட்டுகிறேனோ என்று சில நேரம் தோன்றும்.

கடலைச் செய்கிறவர்களும் இங்கேதான் சறுக்குவார்கள். 1/700 கப்பலுக்கு அடியில் விரல் தடிப்பில் அலை வைப்பார்கள். 1 செ.மீ. அலை என்றால் நிஜத்தில் 7 மீற்றர். மாரி காலத்தில் டச்சு விரிகுடாவில்கூட அப்படி எழும்பி நான் பார்த்ததில்லை. உட்துறைமுகம் என்றால் மேற்பரப்பில் ஒரு சுருக்கம் போதும்.

எண் போடாத ஒரு உலகமும் உண்டு. மேசை விளையாட்டுக்கான மினியேச்சர் உருவங்களில் 28 மி.மீ. என்றிருக்கும், வார்ஹாமர் வகையறா. அது பின்னம் இல்லை, உருவத்தின் உயரம்; அதையும் பாதத்தில் இருந்து கண் வரை அளப்பவர்கள் உண்டு, உச்சி வரை அளப்பவர்களும் உண்டு. கிட்டத்தட்ட 1/56, 1/60 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். ஆட்டக்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது முகம் தெரிய வேண்டுமே. தெருக்கூத்து ஆடுபவர் முகத்தில் அள்ளிப் பூசுவதும் பின்வரிசைக்காகத்தானே. இந்த உருவத்தை 1/56 டாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தலைவீக்கம் வந்த மாதிரி இருக்கும். அது சிற்பியின் பிழை இல்லை.

கைபேசிப் படத்தைப் பற்றியும் ஒரு சொல். மாடலுக்கு 8 செ.மீ. கிட்டக் கமராவைக் கொண்டுபோனால் 1/72 இல் நீங்கள் ஆறு மீற்றருக்கும் உள்ளே நுழைந்துவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத பசைக் கறை, தூசு, தூரிகைக் கோடு எல்லாம் அம்பலம். கட்டியதே கூடாது என்று மனம் விட்டுப்போகும். பின்னுக்கு வந்து எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணில் தொடங்கலாம் என்று கேட்டால், ஒற்றை எஞ்சின் விமானம், 1/72. ஒரு சாணுக்குள் அடங்கும், ஐம்பது அறுபது உதிரிக்கு மேல் போகாத கிட்களாகத் தேடலாம், கெட்டாலும் மனம் அவ்வளவு நோகாது. கப்பல்தான் வேண்டும் என்றால் 1/700, அதிலும் பெரிய கப்பலை விட்டு ஒரு நாசகாரிக் கப்பல். 1/350 அக்காகி 74 செ.மீ. வரும். அது என் கட்டலைனாவுக்கே அண்ணன்.

போன மாதம் அக்காவின் மகன் தன் முதல் கிட்டைக் கட்டி முடித்தான், 1/72 ஹரிக்கேன். பெயின்ட் அங்கங்கே தடித்துத்தான் இருக்கிறது. 35 அடிக் கதையைச் சொன்னதும், ஒட்டின கை காயும் முன்னே அளக்கும் நாடாவோடு முற்றத்தில் இறங்கிவிட்டான். எங்கள் வீட்டு விறாந்தைப் படியில் இருந்து கேற் வரை 33 அடி. கேற்றைத் திறந்து தெருவுக்குப் போய், இரண்டு அடி தள்ளி நின்று, அதையும் நான் முன்பே கட்டிவைத்திருந்த சீரோவையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் தலைக்கு மேலே உயர்த்தினான். பின்னால் வெயில். மூக்கு என் பக்கம் நேராக இருந்தது, உருண்டையா கூரா என்று தெரியவில்லை.

“மாமா, கெதியாச் சொல்லுங்கோ. எங்கட ஆளா, அவங்களோ?”

“சீரோ,” என்றேன்.

“சுட்டுப்போட்டியள்,” என்றான், “அது ஹரிக்கேன்.”